‘கிராக்’ சத்தத்துக்கு 42,000 ரூபாய்: ஃபாஸ்ட் பவுலிங் போடும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

இன்று காலைதான் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தது. கீழ் முதுகில் எல்5 என்கிற கடைசி முள்ளெலும்பில் இடப்பக்கம் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் எலும்பில் வந்த விரிசல். பையனுக்கு 17 வயது, வலக்கை வேகப்பந்து வீச்சாளன். இந்த முதுகைத்தான் சென்னையில் ஒரு ‘ஸ்போர்ட்ஸ் கைரோ’ (கைரோபிராக்டிக், முதுகையும் மூட்டையும் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை) சென்டரில் வாராவாரம் படுக்கப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அதற்கு வாங்கிய பணம் 42,000 ரூபாய். பையனின் அம்மா சீட்டு எடுத்துக் கட்டிய பணம்.

பெயர் போடவில்லை, புகார் போகப் போகிறது. கீழே ஜிம், மாடியில் கைரோபிராக்டிக், சுவர் முழுக்க விளையாட்டு வீரர்களோடு எடுத்த போட்டோ என்று இருக்கிற மாதிரி இடம். எப்படி ஏமாற்றினார்கள், எங்கே உஷாராக வேண்டும் என்று முடிந்தவரை விவரமாக எழுதுகிறேன். ஃபாஸ்ட் பவுலர்களோடு வேலை பார்க்கிற ஃபிசியோ யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

முதல் நாள் ‘அசெஸ்மென்ட் ஃப்ரீ’. நம்பிக்கையை அங்கேதான் வாங்குகிறார்கள். பையனை ஷூவோடு டேபிளில் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் கட்டைவிரலால் தாங்கிச் சேர்த்துப் பிடித்திருக்கிறார் அந்த சென்டர்காரர். “அம்மா, கிட்ட வந்து பாருங்க. வலது கால் முக்கால் இன்ச் குட்டை. இடுப்பு திரும்பியிருக்கு. இதோடதான் உங்க பையன் பந்து போட்டுட்டிருக்கான்.” இடுப்பில் ஒரு அழுத்து, ஒரு ‘கிராக்’. மறுபடி காலைச் சேர்த்துக் காட்டினால் இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் நிற்கிறது. கண்ணால் பார்த்த பிறகு பெற்ற தாய் எப்படி நம்பாமல் இருப்பார்?

இதில் நடப்பது என்ன? குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பு ஒரு பக்கம் லேசாக ஏறியிருந்தாலே அந்தக் கால் குட்டையாகத் தெரியும். ஷூவின் அடிப்பாகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் தெரியும். பிடிக்கிறவர் ஒரு குதிகாலைக் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொன்றைக் கொஞ்சம் இழுத்தாலும் தெரியும். உண்மையான நீளம் வேண்டுமென்றால் ஷூவைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் மொட்டு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் நம்மில் பெரும்பாலானோருக்கு உண்டு. அதோடு ஓடலாம், ஆடலாம், பந்தும் போடலாம். கால் எலும்பின் நீளத்தை எந்த ‘கிராக்’கும் மாற்றாது.

அடுத்தது கை டெஸ்ட். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் அழுத்தினார், கை இறங்கியது. கழுத்தைத் திருப்பி ‘கிராக்’ எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார், கை அசையவில்லை. “நரம்பு அடைப்பு விலகிடுச்சும்மா.” மணிக்கட்டில் அழுத்தினால் கை சீக்கிரம் இறங்கும். இரண்டாவது தடவை அதே பலத்தை முழங்கைப் பக்கம் நகர்த்திக் கொடுத்தால் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, நெம்புகோல் தூரம் குறைந்துவிடுகிறது. இரண்டாவது தடவை எப்போது அழுத்தப் போகிறார் என்று பையனுக்கும் தெரிந்துவிடுகிறது, தோளை இறுக்கி வைத்துக்கொள்வான். எத்தனை கிலோ என்று காட்டுகிற டைனமோமீட்டர் இல்லாமல் செய்யும் கை டெஸ்ட் எதையும் நிரூபிக்காது. குனிந்து கால் விரலைத் தொடுகிற மூன்றாவது டெஸ்டும் இதே கதைதான். ‘கிராக்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது தடவை கை கொஞ்சம் கீழே போகத்தான் செய்யும்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தான் வியாபாரமே. எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குழி உருவாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை இழுத்துச் சொடுக்கு எடுக்கும்போதே எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்து இதைக் காட்டினார்கள். அதே மூட்டில் மறுபடி சத்தம் வரச் சுமார் 20 நிமிடம் ஆகும். சத்தம் வந்ததால் எதுவும் சரியானது என்று பொருள் இல்லை, வராததால் சரியாகவில்லை என்றும் இல்லை.

மூன்று டெஸ்டும் முடிந்த சூட்டோடு பேக்கேஜ். தனித்தனியாக வந்தால் ஒரு சிட்டிங் 3,000, பேக்கேஜில் 2,100, மொத்தம் 20 சிட்டிங். “இப்ப 122 கிலோமீட்டர் வேகத்துல போடறான்ல? அலைன்மென்ட் முடியட்டும், 130 தாண்டுவான்.” அன்றைக்கே கட்டினால்தான் அந்த ரேட் என்றார்கள். 42,000 ரூபாய் அப்படித்தான் போனது.

இனி என் வயிறு எரிகிற இடம். பையன் அவர்களிடம் சொன்னது இவ்வளவு: கீழ் முதுகில் இடப்பக்கம் மட்டும் வலி. பந்து போடும்போது, முன்கால் ஊன்றும் நொடியில் குத்துகிறது. ஸ்பெல் (தொடர்ந்து போடும் ஓவர்கள்) நீள நீளக் கூடுகிறது, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறைகிறது. பின்னால் வளைந்தால் வலிக்கிறது, முன்னால் குனிந்தால் இல்லை. இளம் ஃபாஸ்ட் பவுலர் ஒருவன் இதைச் சொன்னால் முதல் சந்தேகமே ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக இருக்க வேண்டும். முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை ஏறிவருகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. முள்ளெலும்பின் பின்பக்கம் உள்ள பார்ஸ் என்ற மெல்லிய பாலம்தான் இந்தச் சுமையை வாங்குகிறது. அதனால்தான் வலக்கை பவுலர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் போகிறது. பும்ராவுக்கு 2019-ல் கீழ் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தெரியாத நோயில்லை இது.

செய்திருக்க வேண்டியது சுலபம். வலிக்கிற பக்கக் காலில் நிற்க வைத்துப் பின்னால் வளையச் சொல்லிப் பார்ப்பது. அந்த டெஸ்ட் மட்டுமே போதாது, ஆனாலும் வலித்தால் உடனே பவுலிங்கை நிறுத்தி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது மட்டும்தான் இருக்கும், விரிசல் கோடு விழுந்திருக்காது. அது எம்.ஆர்.ஐ.யில் தெரியும், எக்ஸ்-ரேயில் தெரியாது. இவர்களோ ஒரு எக்ஸ்-ரே எடுத்து, அதில் சிவப்பு மையில் நாலு கோடு போட்டு, “வளைவு பாருங்க” என்று காட்டியிருக்கிறார்கள். அதோடு ‘பவுலிங்கை நிறுத்தாதே, அப்பதான் அலைன்மென்ட் செட் ஆகும்’ என்று வேறு.

செய்த சிகிச்சை எது தெரியுமா? ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை எதிர்ப்பக்கமும் திருப்பி, கீழ் முதுகில் வெடுக்கென்று ஒரு தள்ளு. விரிசல் விட்டுக்கொண்டிருந்த எலும்பை, எந்த முறுக்கால் விட்டதோ அதே முறுக்கில் வாராவாரம் திருப்பினார்கள். அந்த மாதங்களில் ஓய்வு மட்டும் கொடுத்திருந்தால் கோடு விழும் முன்பே ஆறியிருக்க வாய்ப்பு அதிகம். இப்போது எலும்பு டாக்டர் குறைந்தது மூன்று மாதம் பந்தையே தொடாதே என்கிறார். அதற்கப்புறமும் ஸ்கேன் பார்த்து, ஓவர் ஓவராகத்தான் கூட்ட வேண்டும். இந்த சீசன் போயே போய்விட்டது.

வலி கூடிவிட்டது என்று அந்த அம்மா கேட்டபோது கிடைத்த பதில்களைப் பாருங்கள். முதலில், “வலி வந்தா நல்லதும்மா, பாடி அட்ஜஸ்ட் ஆகுது.” பிறகு, “சார் கேம்ப்ல இருக்கார், வந்ததும் கூப்பிடுவார்.” கூப்பிடவே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு நேரில் போய் நின்றால் ரிசப்ஷனில் இருந்த பெண், “பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாதும்மா, மீதி சிட்டிங்கை வீட்ல வேற யாருக்காவது மாத்தித் தரோம்” என்கிறாள். உடைந்த முதுகுக்கு ஈடாக அப்பாவுக்கு ‘கிராக்’ எடுத்துத் தருவார்களாம். பில்லை எடுத்துப் பார்த்தால் சிகிச்சை என்ற சொல்லே இல்லை. ‘வெல்னஸ் மெம்பர்ஷிப் – 42,000’. நாளைக்கு யாராவது கேட்டால் ‘நாங்க ட்ரீட்மென்ட்டே கொடுக்கலையே’ என்று சொல்லத்தான் அப்படி.

கைரோபிராக்டிக் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் கீழ் முதுகு வலிக்கு இந்த மாதிரி கைச்சிகிச்சை கொஞ்ச நாளைக்கு ஓரளவு நிவாரணம் தரும், உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகள் தருகிற அளவுக்கு. ஆனால் ஓட்ட வேகம், பந்து வேகம், குதிக்கிற உயரம் கூடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பிரிட்டனில் இதற்கு 1994-லேயே தனிச் சட்டம் போட்டுப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று சட்டப்படியான கவுன்சில் இல்லை, அதனால் குறுகிய காலப் பயிற்சி எடுத்த ஒருவர் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டாலும் போய் முறையிட இந்தத் தொழிலுக்கென்று ஓர் அமைப்பு இல்லை.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்ட் பவுலிங் போடும் பிள்ளைக்கு ஒரு பக்க முதுகுவலி என்றால் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் யாரையும் முதுகைத் திருக விடாதீர்கள்.

கழுத்தை வெடுக்கென்று திருப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள். அரிதாக என்றாலும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. திருப்பியபின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் வந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மொத்தப் பணம் முன்கூட்டி வேண்டாம், சிட்டிங் சிட்டிங்காகக் கொடுங்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள்.

ஏற்கெனவே கட்டி மாட்டிக்கொண்டவர்கள் பில், வாட்ஸ்அப், எக்ஸ்-ரே எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவின் 42,000-க்கான மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி ‘மெம்பர்ஷிப்’ பில் கையில் வைத்திருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.