கரும்பலகையா, தொடுதிரையா? எந்தப் பாடம் என்று முதலில் சொல்லுங்கள்

குடியாத்தம் பக்கம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒரே சுவரில் கரும்பலகையும் இருக்கிறது, தொடுதிரையும் இருக்கிறது. இரண்டையும் தினம் தொடுகிறவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

பாலாறு என்றால் யோசிக்கவே வேண்டாம், திரைதான். நந்தி மலையில் பிறந்து, கொஞ்ச தூரம் ஆந்திராவுக்குள் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வந்து வயலூர் அருகே கடலில் சேருகிறது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது வெறும் ஊர்ப்பெயர் வரிசை. செயற்கைக்கோள் படத்தைப் போட்டு ஆற்றோடு விரலை நகர்த்திக்கொண்டே போனால், "சார், எல்லாம் மணலாவே இருக்கு" என்று அவர்களே ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் நான் பேசவே வேண்டியதில்லை.

வடிவியலுக்கும் அப்படித்தான். ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப்போல இரு மடங்கு. பலகையில் இதை நம்ப வைக்க நாலு வட்டமாவது வரைந்து அளக்க வேண்டும், அதிலும் என் வட்டம் கோழிமுட்டை மாதிரி வரும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் பரிதியில் இருக்கும் புள்ளியைப் பிடித்து இழுத்தால் புள்ளி ஓடுகிறது, கோணம் அசையவில்லை.

ஆனால் நீள் வகுத்தல்? திரை பக்கமே போக மாட்டேன். ஒரு தட்டு தட்டினால் அடுத்த படி முழுசாக வந்து நிற்கிறது, பிள்ளைகளும் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள், நோட்டைத் திறந்தால் ஒன்றும் இல்லை. சாக்பீஸில் நான் எழுதும் வேகமும் பையன் நோட்டில் எழுதும் வேகமும் ஏறக்குறைய ஒன்று; மீதியை எங்கே இறக்குகிறேன், எங்கே தயங்குகிறேன் என்பதெல்லாம் அவன் கண்ணில் படுகிறது. நடுவில் நான் தப்பாகப் போட்டு அழித்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு வகுப்பே விழித்துக்கொள்ளும்.

பழைய முறை என்றால் கரும்பலகை மட்டுமா? திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள், சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த வழக்கங்களை வைத்துத்தான் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை'யைப் பரப்பினார். பிரம்பும், முந்திரி என்ற பழைய பின்னம் 1/320 என்று அர்த்தம் தெரியாமல் ஒப்பித்ததும் போகட்டும், அதற்காக நான் ஏங்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது மட்டும் இன்றைக்கும் எந்தத் திரையைவிடவும் வேலை செய்கிறது. 16-ஆம் வாய்ப்பாட்டில் திணறுகிறவனைப் பக்கத்து பெஞ்சுக்காரி கையில் ஒப்படைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன்.

2018-க்குப் பிறகு வந்த புத்தகங்களில் கியூஆர் குறியீடு உண்டு, நல்ல விஷயம்தான். ஆனால் பல வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புகிறது.

வேலூர் வெயில் வேறு இருக்கிறது. கரன்ட் போனால் திரை கறுப்புக் கண்ணாடி, ஃபேனும் நிற்கும். பலகையிலும் குறை இல்லாமல் இல்லை. பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்து, இடது ஓர பெஞ்சுக்கு எழுத்தே தெரியாது. நாங்கள் படித்த காலத்தில் கோவை இலையும் கரியும் வைத்துத் தேய்ப்போம், ஒரு வாரம் தாங்கும்.

பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் இரண்டாவது திரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அந்த ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை போதும்.