சேசிஸ் முறுக்கும், ஜன்னல் மூலை விரியும்

லாரி சேசிஸ் (எஞ்சினும் சக்கரமும் இருக்கும், மேலே பாடி இருக்காத எலும்புக்கூடு) வாங்கி அதன்மேல் தானும் ஒரு நடமாடும் வீடு கட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். படுக்கை எத்தனை, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு, சோலார் பேனல் எத்தனை வாட் என்பதையெல்லாம் அவரே யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டார். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம், அப்படி நான் கட்டிய வண்டியின் இடது பக்கப் பின் ஜன்னலின் மேல் மூலையைப் பற்றித்தான்.

அந்த மூலையில் ஒரு விரிசல். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரல் நகத்தால் தடவினால் தெரியும். சிலிகான் வைத்து அடைத்தால் சில வாரம் அடங்கும், பிறகு அதே இடத்தில் திறந்துகொள்ளும். தகடு வைத்து ரிவெட் அடித்தோம். தகட்டின் ஓரத்திலிருந்து புதிதாகக் கிளம்பியது. பாடி கட்டித் தந்த பட்டறையில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: ரோடு சரியில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் போய் வருகிறவனிடம் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ரோடு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே லாரி சேசிஸ் வாங்கினேன்!

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வெறும் சேசிஸ் புதிதல்ல. தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டுமாக, கதவும் கூரையும் இல்லாத வண்டியை ஓட்டிப் போகும் ஓட்டுநர்களைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பார்த்துப் பழகியவர்கள் நாம். அடுத்த முறை அவர்களில் ஒருவர் பள்ளத்தில் இறங்கி ஏறுவதைக் கவனியுங்கள். முன்பக்கம் ஒரு திசையில் சாயும், பின்பக்கம் வேறொரு திசையில் சாயும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. இரண்டு நீளச் சட்டங்களும் ஒரு பக்கம் திறந்த சேனல்கள். வாழைமட்டையை முறுக்கினால் முறுக்கிக்கொள்வதைப் போல அவையும் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொள்வதால்தான் மேடு பள்ளத்தில் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

சாதாரண லாரியின் திறந்த பாடிக்கு இது பொருட்டே இல்லை. பலகையும் போல்ட்டும் சேர்ந்தது அது, சேசிஸோடு தானும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். நாம் கட்டுவது ஆறு பக்கமும் மூடிய பெட்டி. மூடிய பெட்டி நெளியாது. நெளிகிற ஒன்றின்மேல் நெளியாத ஒன்றை முன்னும் பின்னும் இறுக்கிப் பூட்டினால், முறுக்கு முழுவதும் பெட்டியில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டிய இடம்தான் அந்தப் பலவீனம், அதிலும் மூலை. மூலையைச் சதுரமாக வெட்டியிருந்தால் இன்னும் மோசம். என்னுடையது ஸ்கேல் வைத்து வெட்டிய அழகான சதுரம்.

பட்டறைக்காரருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவருடைய வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது. கடல் காற்று வீட்டுக் கதவின் தாழ்ப்பாளையே தின்றுவிடும் ஊரில், அடிச்சட்டத்தில் இன்றுவரை துரு ஏறவில்லை. அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தை நேராகத் தொட்டால் உப்புக் காற்றில் அரித்துவிடும் என்று, நான் கேட்காமலே நடுவில் ரப்பர் நாடா கொடுத்தவர் அவர். காசிமேட்டு மீன் வண்டிகளுக்குக் குளிர்ப்பெட்டி கட்டிக் கட்டிக் கை தேர்ந்தவர். அந்தப் பெட்டியைச் சேசிஸோடு இறுக்கிப் பூட்டினாலும் தாங்கும், ஏனென்றால் அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே படுத்திருக்கும் வஞ்சிரம் இரவில் கிரீச்சென்று சத்தம் கேட்கிறது என்று புகாரும் சொல்லாது. ஆனாலும் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் ஒரு சிலிகான் குழாயை மட்டும் நீட்டுகிறவரை எவ்வளவு காலம் புகழ்வது?

விரிசலால் உள்ளே வந்தது மழை மட்டும் இல்லை. குளிர் நாட்டுக்காரர்களின் வீடியோவைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சூடான ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து வெளித் தகட்டில் நீராகும். அதனால் ஈரத்தடுப்புத் தாளை உள்பக்கம் ஒட்டச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஏசி போட்டால் எல்லாம் தலைகீழ். ஈரம் கடலிலிருந்து வருகிறது, குளிர்ச்சி உள்ளே இருக்கிறது. தடுப்பு வெளிப்பக்கம்தான் வேண்டும். வெளித் தகடே அந்த வேலையைச் செய்துவிடும், அதில் ஓட்டை இல்லாதவரை. என் வண்டியில் அந்த நகக்கீறல் வழியாக ஈரக்காற்று நுழைந்து, உள் பிளைவுட்டின் முதுகில் வியர்த்து, ஒரு பலகை அப்பளமாக உப்பியிருந்தது.

கடைசியில் இதைச் சரி செய்தவர் மாதவரத்தில் லாரிகளுக்கு மரவேலை செய்யும் வயதான ஆசாரி. ஜன்னலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்து, "லாரி முறுக்கும் தம்பி, முறுக்கட்டும். வீடு எதற்கு அதோடு சேர்ந்து முறுக்க வேண்டும்?" என்றார். பெட்டியைச் சேசிஸோடு பிடித்திருக்கும் பூட்டுகளில் பின் அச்சுக்கு மேலே இருப்பவற்றை அப்படியே விட்டுவிட்டு, முன்பாதியில் இறுக்கியிருந்தவற்றை அறுத்து எடுத்தார். அந்த இடங்களில் நீளமான போல்ட், அதில் அழுத்தமான சுருள் ஸ்பிரிங். சேசிஸ் சட்டம் ஒரு பக்கம் கீழே இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கி விட்டுக்கொடுக்கும், பெட்டி தன் இடத்திலேயே நிற்கும். சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின் பக்கச் சுவரில் ஏற்கெனவே இருந்த துளைகளையே பயன்படுத்திக்கொண்டார். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த வழியில் தகட்டை எடுத்துவிட்டு, ரயில் பெட்டிகளுக்கு நடுவில் இருப்பது போன்ற ரப்பர் மடிப்பு வைத்தார். ஜன்னல் மூலைகளை வளைவாக வெட்டியது கடைசி வேலை.

வேலை முடிந்ததும் ஒரு முன் சக்கரத்தை மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்தினோம். சேசிஸுக்கும் பெட்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி திறந்தது. பின்கதவைத் திறந்தேன். முன்பெல்லாம் வண்டி சற்றே சாய்ந்து நின்றால் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். இப்போது ஒற்றை விரலால் திறந்தது. இந்த வண்டிக்குச் செலவழித்த பணத்தில் எனக்கு முழு மகிழ்ச்சி தந்தது அந்த ஸ்பிரிங்குகளின் விலை ஒன்றுதான், மொத்தச் செலவில் மிகச் சின்னத் தொகையும் அதுதான்.

காகித வேலையைப் பற்றி இரண்டு வரி. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சேசிஸ் என்றால் இலகுரக வாகன உரிமமே போதும். பாடி கட்டாத சேசிஸ் பட்டறையில் நிற்கும் காலத்துக்குத் தற்காலிகப் பதிவு வாங்க மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 43 இடம் தருகிறது. ஏற்கெனவே லாரியாகப் பதிவான பழைய வண்டியை வாங்கி வீடாக்க நினைத்தால் பதிவான வண்டியை மாற்றிக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவு 52 குறுக்கே நிற்கும். ஆர்டிஓ அலுவலகத்தில் பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலைச் சொல்லாமல் விட்டால் வண்டிக்குத் துரோகம் செய்தவனாவேன். எர்ணாவூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. மின்சாரம் இல்லை. மேடான தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அம்மாவை அதில்தான் தங்க வைத்தோம். பேட்டரியில் மின்விசிறி ஓடியது, அடுப்பில் கஞ்சி கொதித்தது, தெருவில் பாதிப் பேர் அங்கே வந்துதான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு அக்கா, இனிமேல் இந்த வண்டியை யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்று உத்தரவே போட்டார். ஆசாரியைப் பார்ப்பதற்கு முந்தைய காலம் அது, அந்த மூலை மட்டும் அப்போதும் ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. அம்மா தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு, மகன் கட்டிய வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மௌனத்துக்காகவே பட்டறைக்காரரை நான் மன்னிக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் பிறகு தீர்ப்பு என்னவென்றால், கட்டாதீர்கள். விரிசல் நின்றுவிட்டது, உண்மை. ஆனால் ஸ்பிரிங் வைத்த நாளிலிருந்து முன்பக்கம் எங்கோ ஒரு புது முனகல் கேட்கிறது. ரப்பர் பட்டையா, போல்ட்டா என்று இன்னும் பிடிபடவில்லை. ஓடும் வண்டியில் தேடினால் கிடைப்பதில்லை, நின்ற வண்டியில் முனகுவதில்லை. இதைக் கேட்டுக்கொண்டே ஊர் சுற்றப் பொறுமை இருந்தால் மட்டும் சேசிஸ் வாங்குங்கள். அப்படி வாங்கினால், ஜன்னலுக்குத் தகட்டை வெட்டும் முன் மாதவரத்துக்குப் போய் ஆசாரியைப் பாருங்கள். காலையில் போவது நல்லது, மதியத்துக்கு மேல் என் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்.