ஆற்றோர நடை, சைக்கிள் பாதை: கல்தூள் தளமா, தார்த் தளமா?

இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான். மேல்மண்ணை அகற்றி, ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணும் ஜல்லியும் கலக்காமல் பிரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, 15 செ.மீ. தடிமனுக்கு ஜல்லி போட்டு ரோலரால் இறுக்க வேண்டும். நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போக 3 மீட்டர் அகலம் தேவை. துணியை மிச்சம் பிடித்தால் ஈரமண்ணில் ஜல்லி புதைந்து, தளம் அலையலையாகிவிடும்.

செலவு: கல்தூள் போடும்போது மலிவு, ஆனால் ஆண்டுதோறும் நிரவி இறுக்க ஆள் வேண்டும். தாருக்கு முதலிலேயே பெருந்தொகை. பிறகு பல ஆண்டுகள் விரிசல் அடைப்பதோடு சரி. நன்கொடையும் மானியமும் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே கிடைக்கும், பராமரிப்புக்கு அரிது. இதை மறந்து கல்தூளைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள்தான் பின்னால் திண்டாடுகின்றன.

வெள்ளம்: வேகமான நீர் கல்தூளை அள்ளிப்போகும், ஆனால் மண்வெட்டியும் ஒரு லோடு தூளும் இருந்தால் சரிசெய்யலாம். தார் தாங்கும், ஆனால் ஓரத்தில் அடிமண் அரித்துவிட்டால் பலகை பலகையாகப் பெயரும், அந்தப் பழுதுக்கு இயந்திரம் வர வேண்டும். எதுவானாலும் நீர் ஓரத்துக்கு வடிய 2 சதவீதப் பக்கச்சரிவு கட்டாயம்.

ஏற்ற இறக்கம்: பாதையின் நீளவாக்குச் சரிவு 5 சதவீதத்தைத் தாண்டினால் மழைநீர் கல்தூளில் வாய்க்கால் வெட்டும்.

மர வேர்: தாரைப் பிளக்கும். கல்தூளுக்குப் பிரச்சினை குறைவு.

சக்கர நாற்காலி: நன்கு இறுகிய கல்தூளும் போதும், தளர்ந்தால் சிரமம். ஸ்கேட்டிங்குக்குத் தார் மட்டுமே.

தினசரி சைக்கிள் பயணிகள் மிகுந்த ஊர்ப்பகுதிக்குத் தார். மரங்கள் அடர்ந்த, சமதளமான, ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் உறுதியான பகுதிக்குக் கல்தூள். அடிக்கடி மூழ்கும் தாழ்வான துண்டுகளுக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள்.