மினாக்சிடிலும் என் நெற்றியோரமும்: நான்கு ஆண்டு அனுபவம்

பள்ளி நாள்களில் இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையும், வேலைக்குச் சேர்ந்த பின் நாள் முழுக்க இறுக்கிப் போட்ட கொண்டையும் சேர்ந்து, 38 வயதில் என் காதோரங்களை வெறுமையாக்கியிருந்தன. வகிடும் அகன்றுகொண்டே வந்தது. மருத்துவரைப் பார்க்காமல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய, முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 5 சதவீதக் கரைசலைத் தடவத் தொடங்கினேன்.

மூன்றாவது வாரத்தில் வகிட்டோரம் சிவந்து, அரித்து, காலையில் தலையணை உறையில் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. அரித்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள் எனக் கடையில் சொன்னதை நம்பி, மேலும் இரண்டு மாதம் தடவினேன். இரவில் நெஞ்சு படபடக்கத் தொடங்கிய பிறகே தோல் மருத்துவரிடம் போனேன். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது என்பதையும், தோல் புண்ணாகியிருந்தால் அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்தில் கலக்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பலருக்கும் அரிப்பைத் தருவது மருந்தைவிட, அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தானாம். ஆறு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தித் தோலை ஆறவிட்டு, அந்தப் பொருள் சேராத, நுரை வடிவிலான மினாக்சிடிலை நாளுக்கு ஒரு முறை தடவச் சொன்னார்.

அன்று தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவி வழியே பார்த்ததை நான் மறக்கவில்லை. வகிட்டில் துளைக்கொரு மெல்லிய முடியாவது இருந்தது. இடது காதோரத்திலோ துளையே இல்லை, நகத்தின் மேற்புறம்போல வழவழப்பாக மின்னியது. "இங்கே மயிர்க்கால் இல்லையம்மா, வடுதான் இருக்கிறது. இதில் எதைத் தடவினாலும் முளைக்காது" என்றார். உயிரோடிருக்கும் மயிர்க்காலை மருந்து தூண்டலாம். ஆண்டுக்கணக்கான இழுப்பில் அது அழிந்து வடுத் திசுவாகிவிட்ட இடத்தில் தூண்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. முடி முளைக்கத் தலையில் உருட்டும், நுண்ணூசிகள் பதித்த உருளையை வீட்டில் உருட்டலாமா என்று கேட்டதற்கு, வீக்கமுள்ள தோலில் அதைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

நுரைக்கு மாறிய முதல் இரண்டு மாதங்களில் முடி கூடுதலாகக் கொட்டியது. பழைய முடி உதிர்ந்து புதியது கிளம்பும் கட்டம் அது என்று முன்பே சொல்லியிருந்ததால் விடாமல் தடவினேன். ஆறாவது மாதத்தில் வகிடு குறுகியது தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் சில மாதம் நிறுத்தியபோது, கிடைத்ததில் பாதி போய்விட்டது. வலது காதோரத்தில் ஓரளவு முளைத்திருக்கிறது. இடது காதோரம் முதல் நாள் எடுத்த படத்தில் இருந்தது போலவே இருக்கிறது. அங்கே நான் மருந்து தடவுவதில்லை.