திருமலைப் பயணம்: கவுண்டரில் உரக்கக் கேட்டதும் கிளினிக்கில் மெல்லக் கேட்டதும்

இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து இறங்கியது, கோணேசருக்கு அருச்சனை செய்தது, நிலாவெளியில் பிள்ளைகள் மணிக்கணக்காகக் கடலில் கிடந்தது எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. நகரத்தில், காசு கட்டி வைத்தியரைப் பார்க்கும் தனியார் சனலிங் நிலையம் ஒன்றின் கவுண்டரில் ஒரு மாலை நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே மனம் கிடந்து தவிக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனையோ பேர் அதே கவுண்டரின் முன்னால் நின்றிருப்பார்கள்.

எனக்கு 48 வயது. சில காலமாக மாதவிடாய் முறை தவறி, வரும்போது பெருக்காக வருகிறது. மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் சில மாதங்களில் கருமுட்டை வெளியேறுவதில்லை. அப்போது புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் சுரக்காமல், ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிப்பாக்கிக்கொண்டே போகிறது. கடைசியில் அது உதிரும்போது இரத்தமும் அளவுக்கு மீறிப் போகிறது. இலண்டனில் என்னுடைய குடும்ப வைத்தியர் இதை விளக்கி, ஹீமோகுளோபின் 104 ஆகக் குறைந்திருக்கக் கண்டு, இரும்புக் குளிசையும் தந்திருந்தார். திருமலையில் மீண்டும் பெருக்குத் தொடங்கியது. கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறும்போது மூச்சு முட்டிக் கண் இருண்டுவிட, மான்கள் படுத்திருந்த மரநிழலில் நானும் அமர வேண்டியதாயிற்று. சிறு வயதில் ஓடியே ஏறிய வழி அது.

உவர்மலையில் இருக்கும் என் மச்சாள் அன்று மாலையே சனல் பண்ணினார். இலண்டனில் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு, கேட்ட அன்றே வைத்தியரைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அந்த மகிழ்ச்சி கவுண்டர் வரைக்கும்தான் நீடித்தது.

“என்ன வருத்தம், அன்ரி?” என்று கவுண்டரில் இருந்த இளைஞர் கேட்டார். பெண்கள் சம்பந்தமானது, வைத்தியரிடமே சொல்கிறேன் என்றேன். என்னவென்று சொன்னால்தான் பதியலாம் என்றார். உதிரப்போக்கு அதிகம் என்று மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் மறுமுனையில் இருந்தவரைப் பார்த்து, “பீரியட் பிளீடிங் கேஸ் ஒன்று, எந்த டொக்டருக்குப் போடுறது?” என்று முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி கேட்டார். வாங்குகளில் நிறைந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். திருமலை பெரிய நகரம் அல்ல. இன்னாருடைய மகள், இன்ன ஒழுங்கையில் இருந்தவள் என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அந்த வாங்குகளில் இருந்தார்கள். என் அப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்ப வேண்டி வந்ததே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த நிலையத்தை நடத்துபவர்கள்மேல்தான் கோபம். குளிரூட்டிய அறை இருக்கிறது, இலக்கம் காட்டும் மின்பலகை இருக்கிறது, நோயாளி ஒரு வார்த்தையை எழுதிக் கொடுப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதே கட்டடத்தின் கீழே உள்ள பாமசியில் நாப்கின் வாங்கினால், அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்புப் பையில் இட்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் தருகிறார்கள். பொருளை மறைக்க இவ்வளவு அக்கறை காட்டும் ஊரில், நோயைச் சொல்ல வந்தவளுக்கு ஒரு மறைப்பு இல்லை. என் முறைக்குக் காத்திருந்தபோது, பின்னால் வந்த ஒரு பெண் கவுண்டரில் “தலைச்சுற்று” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்ததைக் கண்டேன். அவருக்கு உண்மையில் என்ன வருத்தமோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கவுண்டரில் வேறெதைச் சொல்ல முடியும்?

உள்ளே போனால், அடுத்த இலக்கக்காரர் ஏற்கெனவே அறைக்குள்ளேயே கதிரையில் இருந்தார். இந்த வழக்கம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. வைத்தியர் பசி, தூக்கம் பற்றிக் கேட்டார். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் தாள் வந்தது: ஹீமோகுளோபின் 9.8. இலண்டனில் லீற்றருக்கும் இங்கே டெசிலீற்றருக்கும் கணக்கிடுவதால் 9.8 என்பது அங்கே 98 ஆகும். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். “இந்த வயதில் இப்படித்தான், கீரை, பீட்றூட், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கோ” என்று சொல்லி ஒரு ரொனிக் எழுதினார். எத்தனை நாள் போகிறது, கட்டியாக விழுகிறதா என்று ஒரு கேள்வி இல்லை. ஃபெரிட்டின் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, ஹீமோகுளோபின் போதும் என்றார்.

பரிசோதனைக் கூடத்தில் காசு கட்டி நானே ஃபெரிட்டினும் செய்வித்தேன். 13 என்று வந்தது. அந்தத் தாளில் அச்சிட்டிருந்த இயல்பான எல்லை 10இல் தொடங்கியதால், என்னுடைய 13க்குப் பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு 15க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்கிறது. பிரித்தானிய வைத்தியர்கள் 30க்குக் கீழேயே அப்படிக் கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றிவிடும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். உடம்பில் அழற்சி இருந்தால் அது பொய்யாக உயர்ந்தும் காட்டும். ஆகையால் அடையாளம் இல்லாத தாளை நம்பி யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கீரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மச்சாளின் முருங்கையிலை வறையை நினைத்தால் இப்போதும் நாவூறுகிறது. ஆனால் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேல் போவதையே பழைய பாடநூல்கள் அதிகப் போக்கு என்று வகுத்தன. அந்த அளவே 40 மில்லிகிராம் இரும்பு. உணவிலிருந்து உடம்பு ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் மட்டுமே. அன்றாடத் தேவைக்கே அது சரியாகிவிடும். போக்கை நிறுத்தாமல் பேரீச்சம்பழத்தால் ஈடுகட்டலாம் என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவராது.

வீட்டில் நான் பொருமிக்கொண்டிருந்ததைக் கேட்டு மச்சாள், “எங்கட மிட்வைஃபிடம் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம், மச்சாள்” என்றார். அப்படித்தான் அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். 1996இல் தொடங்கிய இந்தத் திட்டம் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. செலவு எதுவும் இல்லை. மர வாங்கு, சுவரில் தாய்ப்பால் சுவரொட்டி, கொப்பியோடு காத்திருக்கும் பெண்கள் என்று நான் ஊரை விட்டுப் போனபோது இருந்ததைப் போலவே எல்லாம் இருந்தன. ஆனால் அங்கிருந்த தாதி, நான் வாய் திறப்பதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தன் கதிரையை எனக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாத்துறீங்கள், அக்கா? இரவிலும் எழும்ப வேண்டியிருக்கோ? கட்டி விழுந்தால் இரண்டு ரூபாய்க் குற்றியை விடப் பெரிசோ?” என்று மெல்லக் கேட்டார். இலண்டனில் படிவத்தில் நிரப்பிய அதே கேள்விகள். ஆனால் ஒரு மனிதர் என் மொழியில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. கருத்தடைக்காகக் கருப்பையில் லூப் போட்டிருக்கிறேனா என்றும் கேட்டார், செப்பு லூப் போக்கைக் கூட்டும் என்பதால். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் படுகிறதா, தைரொயிட் இருக்கிறதா, குடும்பத்தில் பரம்பரை இரத்த நோயான தலசீமியா உண்டா என்றெல்லாம் கேட்டார். தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறிதாகத் தெரியும், அவர்களுக்கு வீணாக இரும்பு கொடுக்கக் கூடாது என்றார். இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனைக்குப் போக்கு நின்ற பிறகு வரச் சொன்னார்.

குளிசையைப் பற்றிச் சொன்னவைதான் எனக்கு மிகவும் பயன்பட்டன. நாளுக்கு ஒன்று போதும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றுவிட்ட நாளில் எடுக்கலாம், ஏனென்றால் ஒரு குளிசை எடுத்தபின் அடுத்த நாள் வரை குடல் இரும்பை உறிஞ்சுவது குறைந்திருக்கும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுப்பது நல்லது. தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும், பாலும் அப்படித்தான். படியேறிய உடனே தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டும் ஊரில், உறவினர் வீடுகளுக்குப் போகும் நாளில் இது நடக்கிற காரியமா என்று கேட்டேன். அப்படியென்றால் படுக்கப் போகும்போது எடுங்கள் என்றார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்று கொப்பியில் கோடிட்டு எழுதினார். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நாப்கினாகத் தொடர்ந்து நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ வீட்டில் காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்கச் சொன்னார்.

பெண்நோய் வைத்திய நிபுணரான வி.ஓ.ஜிக்கு அவர்கள் தந்த கடிதத்தோடு ஸ்கேனும் உடனேயே முடிந்தது; கருப்பைச் சுவரில் ஒரு சிறு நார்க்கட்டி. இலண்டனில் இதே ஸ்கேனுக்கு நான் எத்தனையோ மாதமாகக் காத்திருக்கிறேன். பெருக்கான நாட்களில் மட்டும் எடுக்க, போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலக் குளிசை தந்தார்கள். அதற்கு முன் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உண்டா என்று கேட்டு உறுதிசெய்தார்கள். கருப்பைக்குள் வைத்துப் போக்கைக் குறைக்கும் ஹோர்மோன் வளையத்தைப் பற்றி இலண்டனில் பேசி முடிவெடுக்கச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபின் கடிதத்தையும் ஸ்கேன் தாளையும் குடும்ப வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் அவற்றை ஏற்றுக்கொண்டு, வளையத்துக்கான கோரிக்கையை அனுப்பியிருக்கிறார். அந்தச் சனலிங் நிலையத்துக்கு, கவுண்டரில் ஒரு சிறு படிவமும் பேனாவும் வைக்கும்படி கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்திவந்த மச்சாளும் அந்தக் கிளினிக்கில் தன் பெயரைப் பதிந்துவிட்டார். அவருடைய ஃபெரிட்டின் 8.