மூன்று டயப்பரும் ஒரு கொடியும்

மகள் பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே, துவைத்துத் துவைத்துப் போடுகிற பாக்கெட் டயப்பர் ஆறு வாங்கி வைத்துவிட்டேன். ஒன்று 450 ரூபாய். யானை, பலூன், அன்னாசிப்பழம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். பிரசவத்துக்கு மதுரை போனால், அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகள் மூன்றை அம்மா கிழித்து, ஓரம் தைத்து, அடுக்கி வைத்திருந்தார். என் பையைப் பிரித்துப் பார்த்தவர் கேட்டது ஒன்றுதான்: "ஏண்டி, மூத்திரத் துணிக்கா நானூத்தம்பது?"

இப்போது மகளுக்கு ஒன்பது மாதம். வேட்டித் துணி, பாக்கெட் டயப்பர், ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் கடை டயப்பர் என்று மூன்றையும் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு வேட்டித் துணிக்கு. பகலில் அது, இரவில் கடை டயப்பர். பாக்கெட் டயப்பரில் போட்ட 2,700 ரூபாய்தான் இன்னும் உறுத்துகிறது.

விலைக் கணக்கு எல்லோரும் போடுவதுதான். பச்சைக் குழந்தைக்கு நாளைக்கு எட்டு, பத்து தடவை மாற்ற வேண்டியிருக்கும். கடை டயப்பர் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 2,400க்குக் குறையாது. வேட்டி வீட்டிலேயே கிடக்கிறது. சரி, அதை விடுங்கள்.

நான் யோசிக்காமல் விட்டது, காய்வதை. துவைப்பது பெரிய வேலையே இல்லை, வாஷிங் மெஷின் பார்த்துக்கொள்ளும். காயப்போட்டு எடுப்பதுதான் பாடு. பாக்கெட் டயப்பருக்கு இரண்டு பாகம். வெளியே தண்ணீர் கசியாத உறை, உள்ளே செருகுகிற பட்டை. நாலைந்து அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்த அந்தப் பட்டைதான் ஈரத்தைப் பிடிக்கிறது. நன்றாகப் பிடிக்கிற பட்டை சீக்கிரம் காயவும் காயாது. உறை அரை மணியில் காய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். பட்டையைத் தொட்டால் நடுவில் சில்லென்று இருக்கும்.

மதுரை மொட்டை மாடியில் ஜூலை வெயிலுக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை. காலையில் போட்டால் மதியத்துக்குள் எல்லாம் அப்பளம். ஐந்தாம் மாதம் சென்னைக்கு வந்தோம். ஐப்பசி அடைமழை, மூன்றாவது மாடி, நாலடி பால்கனி. ஆறு பட்டையில் எந்த நேரம் பார்த்தாலும் நாலு ஈரம். இரண்டாம் நாள் முடை வாடை அடிக்கும். திரும்பத் துவைத்தால்தான் வாடை போகும், துவைத்தால் திரும்ப இரண்டு நாள்.

வேட்டித் துணியின் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது. முக்கோணமாக மடித்துக் கட்டும்போது அடுக்கடுக்காக நின்று உறிஞ்சும். கொடியில் விரித்தால் ஒற்றைத் துணி. மின்விசிறிக் காற்றிலேயே இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அவசரம் என்றால் இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டலாம். பாக்கெட் உறையில் அதை வைத்தால் தண்ணீர் கசியாத பூச்சு போய்விடும். எண்ணிக்கையும் ஒரு காரணம். எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். ஏறக்குறைய இரண்டடிச் சதுரமாகக் கிழித்தால் 12 துண்டு, மூன்று வேட்டிக்கு 36. அத்தனை பாக்கெட் டயப்பர் வாங்க 16,200 ரூபாய் வேண்டும்.

துணி மிருதுவாக வேண்டும் என்று கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றிவிடாதீர்கள். இழையில் படிந்து, உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். எங்கள் போர் தண்ணீரின் உப்புக்குத் துணி விறைத்துப்போனது. கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்துக்கொண்டேன்.

வேட்டித் துணியில் இன்னொரு சௌகரியமும் உண்டு. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது நனைத்தால் பால் போதுகிறது என்று கணக்கு. டாக்டர் கேட்டபோது வாளியில் கிடந்த துணியை எண்ணிச் சொன்னேன். கடை டயப்பரில் இரண்டு தடவையா நாலு தடவையா என்று கையில் தூக்கிப் பார்த்து நிதானிக்க வேண்டியதுதான்.

ஆனால் ராத்திரிக்கு வேட்டித் துணி ஆகாது. நனைந்ததும் குழந்தை எழுந்துவிடும், அப்புறம் வீடே எழுந்துவிடும். கடை டயப்பருக்குள் இருக்கும் தூள் ஈரத்தை ஜெல்லியாக்கி உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்வதால் தூக்கம் கெடாது. அதனால் ராத்திரிக்கு ஒன்று, வெளியூர் போனால் இரண்டு மூன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் கொஞ்சம் உதவி. குப்பைதான் சங்கடம். டயப்பரைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுக்கிறேன்.

பாக்கெட் டயப்பரை அடியோடு தள்ளவில்லை. மாமனார் மடியில் உட்காரவைக்கவும், கோயிலுக்குத் தூக்கிப்போகவும் அதுதான். பட்டனை மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று வயது வரை வரும் என்கிறார்கள். ஒன்பது மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. குழந்தையைக் காப்பகத்தில் விடுபவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம். நான் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. இரட்டைப் பிள்ளை வீட்டுக்கும் என் பேச்சு செல்லாது. திரும்ப விற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்றைப் பாதி விலைக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து பிளாக்கின் ஸ்ட்ரோலர் ஒரு மணி நேரத்தில் விலைபோனது. என்னுடையதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த 2,700 ரூபாய் அப்போது கையில் இருந்திருந்தால், கயிறு இழுத்தால் இறங்கும் கூரைக் கொடியை முதல் நாளே மாட்டியிருப்பேன். கார்த்திகையில்தான் புத்தி வந்து 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். தூளிக்கு அம்மாவின் நூல் புடவை போதும், கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மட்டும் கெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கார் வைத்திருந்தால் குழந்தை இருக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். நடைவண்டி என்று சக்கரம் வைத்து விற்கிற வாக்கருக்கு ஒரு பைசா வேண்டாம். விழுந்து அடிபடுகிறது என்று கனடாவில் 2004 முதல் விற்கவே தடை.

36 துண்டில் 28 இன்னும் கொடியில் ஏறி இறங்குகின்றன. நைந்துபோன எட்டும் அடுப்பு மேடை துடைக்கப் போய்விட்டன.