தனித்தனியாகவா, ஒன்றாகவா? குறுக்கீட்டுமானியும் நிறமாலைமானியும்

வேகா நட்சத்திரத்தின் நிறமாலை வரிகள் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் தெரியும் கருங்கோடுகள்) மிகக் குறுகலானவை. நட்சத்திரம் வேகமாகச் சுழன்றால் இவை அகலமாகும். அவற்றை மட்டும் நம்பினால், அது நொடிக்கு 22 கி.மீ. அளவில் நிதானமாகச் சுழல்வதாகத் தோன்றும். உண்மையில் அதன் நடுக்கோடு நொடிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. துருவத்தை நம் பக்கம் காட்டி நிற்பதால், நம்மை நோக்கியோ விலகியோ நகர்வதை மட்டும் காட்டும் டாப்ளர் விளைவில் அந்த வேகம் சிக்குவதில்லை. வரிகளின் தட்டையான அடிப்பகுதி 1994-லேயே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. 2006-இல் கலிபோர்னியாவின் சாரா குறுக்கீட்டுமானி (பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து நுண்விவரங்களை அளப்பது), நட்சத்திரத்தின் மையம் பளிச்சென்றும் விளிம்பு மங்கியும் இருப்பதை அளந்து அதை உறுதிசெய்தது.

இப்படித் தனித்தனியாக அளந்து பிறகு சேர்த்துப் பார்ப்பதுதான் எளிய வழி. வேகாவுக்கு அது போதும். ஆனால் வாயு வட்டு சூழ்ந்த பிஇ வகை நட்சத்திரங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. வேறு வேறு நாளில் எடுத்த அளவுகளைப் பொருத்துவது ஆபத்து.

சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால்? ஒவ்வொரு அலைநீளத்திலும் ஒளியின் மையம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். நட்சத்திரத்தின் எந்தப் பாதி நம்மை நோக்கி வருகிறது என்பது தெரிந்துவிடும். சிலியின் பரனால் மலையில் உள்ள கிராவிட்டி என்ற குறுக்கீட்டுமானிக் கருவி 2020-இல் பீட்டா பிக்டோரிஸ் என்ற நட்சத்திரத்தை இப்படித்தான் அளந்தது. நட்சத்திரத்தின் சுழற்சியும் அதன் கோளின் பாதையும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருந்தன. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த அளவீடு இதுதான். ஆனால் கிராவிட்டியின் பிரிதிறன் (நிறங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் என்ற அளவு) சுமார் 4000, அதாவது நொடிக்கு 75 கி.மீ. வேக வித்தியாசத்தைத்தான் பிரித்துக் காட்டும். வேகமாகச் சுழலும் நட்சத்திரத்துக்கு அது சரி. நொடிக்கு 2 கி.மீ. சுழலும் சூரியனைப் போன்றதற்கு எடுபடாது.

பிரிதிறனைக் கூட்ட இரண்டு வழிகள். குறுக்கீட்டுமானிக்குள்ளேயே கூர்மையான நிறமாலைமானியை வைப்பது ஒன்று. சாராவில் இருந்த வேகா என்ற கருவி (நட்சத்திரத்தின் பெயரேதான்) 30,000 வரை போனது. மற்றொன்று, ஒளியிழை வழியாக ஒளியை அருகிலுள்ள பெரிய நிறமாலைமானிக்குக் கொண்டுபோவது. அதே பரனால் மலையில் 1,00,000 அளவு பிரிதிறனுள்ள கிரையர்ஸ் என்ற நிறமாலைமானி ஏற்கெனவே இருக்கிறது. 2023 முதல், கோள்களைப் படமெடுக்கும் ஸ்பியர் கருவியின் ஒளி இழை வழியே அதற்குப் போகிறது. ஆனால் அது ஒற்றைத் தொலைநோக்கியின் ஒளி. பல தொலைநோக்கிகள் என்றால் பாதைகளின் நீளம் மைக்ரானில் ஒரு பங்குக்குள் நிலைத்து நிற்க வேண்டும். வளிமண்டலமோ, ஒளி அலைகள் ஒன்றுசேரும்போது உண்டாகும் வெளிச்ச-இருட்டுப் பட்டைகளை மில்லிநொடிகளில் குலைத்துவிடும்.

என் ஓட்டு ஒளியிழைக்கே. நிறங்களை நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. அதை ஈடுகட்ட நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும். அப்போது பட்டைகளை நகராமல் பிடித்து வைக்கும் வேலையை கிராவிட்டியின் பட்டைத் தொடர்ப்பான் இப்போதே செய்துவருகிறது.